ஒரு தொன்னை அமுதம்

கீழ்வானம் வெளுக்கத் தொடங்கும் வேளை. சென்னைக் கலங்கரை விளக்கத்திற்குத் தெற்கே, பட்டினப்பாக்கம் நோக்கி நீளும் கடற்கரையில், இரவு முழுவதும் அலையோடு போராடிய ஃபைபர் படகுகள் ஒவ்வொன்றாக மணலேறுகின்றன. ஆடவர் வலையிலிருந்து மீன்களைக் கழற்றிக் கூடைகளில் நிரப்புகின்றனர். சிறிது நேரத்தில் சங்கரா, வவ்வால், வஞ்சிரம், நெத்திலி, கானாங்கெளுத்தி என்று தரம் பிரித்து விலை கூறத் தொடங்கிவிடுகின்றனர் பெண்டிர். இது நொச்சிக்குப்பம். சளிக்கு வேது பிடிக்க உதவும் நொச்சி என்னும் மூலிகையின் பெயரைத் தாங்கிய மீனவர் குடியிருப்பு. சாலையோரத்திலேயே நடந்துவந்த மீன் விற்பனைக்காக, 366 கடைகள் கொண்ட அங்காடி ஒன்று 2024 ஆகஸ்டில் இங்கே திறக்கப்பட்டது.

அங்கிருந்து மேற்கே, நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில், திருமயிலைக் கபாலீஸ்வரர் ஆலயத்தில் அதே வேளையில் மணியோசை எழுகிறது. மடைப்பள்ளியில் நெய் மணக்கிறது. ஓரிடத்தில் மீன், மற்றோரிடத்தில் பொங்கல். வெளிப் பார்வைக்கு இவ்விரண்டும் வேறு வேறு உலகங்கள். ஆயினும் ஒரு கேள்வி இரண்டுக்கும் பொதுவானது. நாவுக்கு இறைவன் அளித்த சுவையை, உடலுக்குத் தீங்கு நேராமல் துய்ப்பது எப்படி?

இன்று பல இல்லங்களில் இக்கேள்வி இரத்தப் பரிசோதனை அறிக்கையோடுதான் நுழைகிறது. அறுபதைக் கடந்த குடும்பத் தலைவரின் கையில் மருத்துவர் ஒரு சீட்டைக் கொடுக்கிறார். மறுநாள் முதல் அவருடைய இலையில் இனிப்பு இல்லை, எண்ணெய் இல்லை, உப்பும் குறைவு. பேரனின் பிறந்தநாள் பாயசத்தைக்கூட அவர் தொலைவிலிருந்தே காண வேண்டும். சில மாதங்கள் இப்படிச் சென்றபின், யாரும் பாராத நேரத்தில் இனிப்புப் பெட்டி திறக்கப்படுகிறது. இன்னொரு வகையினரும் உண்டு. "இருக்கப்போவது சில காலம், அதுவரை ஆசைப்பட்டதை உண்போமே" என்று சீட்டை மடித்து வைத்துவிடுவோர் அவர்கள். முன்னவருக்கு உணவு தண்டனையாகிறது; பின்னவருக்கு அதுவே நோயாகிறது. இவ்விரண்டுக்கும் இடையில் ஒரு வழி உண்டு என்பதை மயிலையின் மரபும் அதன் கடற்கரையும் நெடுங்காலமாகக் காட்டி வருகின்றன.

இன்பத்தைச் சொல்லி அழைத்த உயிர்

பூம்பாவையின் வரலாற்றை அறியாத சிவனடியார் இலர். மயிலையில் வாழ்ந்த சிவநேசச் செட்டியாரின் அருமை மகள் மலர் கொய்யச் சென்றபோது அரவம் தீண்டி மாண்டாள். அவளுடைய எலும்பையும் சாம்பலையும் ஒரு குடத்தில் இட்டுக் காத்துவந்தார் தந்தை. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் அங்கு எழுந்தருளிப் பதிகம் பாட, பூம்பாவை உயிர் பெற்று எழுந்தாள் என்பது பெரியபுராணம் கூறும் செய்தி.

அப்பதிகத்தில் சம்பந்தர் எதைச் சொல்லி அவளை அழைத்தார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பிறவியின் நிலையாமையையோ உடலின் இழிவையோ அவர் பேசவில்லை. மயிலையின் திருவிழாக்களைக் காணாமலேயே போய்விடுவாயோ என்று வினவுகிறார். அடியார்களுக்கு அமுது படைக்கும் விழா, ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழித் திருவாதிரை, நெய்யொழுகும் சோறு படைக்கும் தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம், அட்டமி நாள் விழா, பொன்னூசல், பெருஞ்சாந்தி என்று 10 பாடல்களில் 10 விழாக்கள் வருகின்றன. ஒளி, இசை, கூத்து, கடல் நீராட்டு, ஊசல், அடிசில் என்று ஐம்புலன்களுக்கும் உரிய இன்பங்கள் அனைத்தும் அவற்றில் அடங்கியுள்ளன. மாண்ட உயிரை மீட்க இறைவனடியார் ஒருவர் இவ்வின்பங்களை எடுத்துரைத்தார் எனில், அவை வெறுத்து ஒதுக்கத் தக்கவை ஆகா.

அதே பதிகத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. அதில் பேசப்படும் இன்பங்களில் பலவற்றுக்கும் உரிய மாதமோ நாளோ குறிக்கப்பட்டுள்ளது. நெய்ச்சோறு தைப்பூசத்திற்கு உரியது. கடலாட்டு மாசிக்கு உரியது. ஆண்டு முழுவதும் நாள்தோறும் நெய்ச்சோறு என்று எங்கும் கூறப்படவில்லை. எல்லா இன்பமும் உண்டு. ஆனால் அதற்கென ஒரு நாளும் உண்டு. இதுவே நம் முன்னோர் வகுத்த உணவு நெறியின் அடிப்படை.

அந்த மாசிக் கடலாட்டு இன்றும் நின்றுவிடவில்லை. மாசி மகத்தன்று சென்னையின் பல ஆலயங்களிலிருந்து உற்சவ மூர்த்திகள் கடற்கரைக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி காண்கின்றனர். ஆலயமும் கடலும் ஒன்றையொன்று மறவாதிருக்கும் நாள் அது.

முதல் மீன் இறைவனுக்கு

பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள், அறுபத்துமூவர் திருவுலா. மயிலை மாட வீதிகளில் நாயன்மார் 63 பேரின் திருவுருவங்களும் பவனி வருகின்றன. நீர்மோரும் பானகமும் அன்னமும் வீதியெங்கும் வழங்கப்படுகின்றன. அந்த வரிசையில், கைகூப்பி வரும் அதிபத்த நாயனார் கடலோடிக் குலத்தில் பிறந்தவர்.

நாகப்பட்டினத்துக் கடற்கரையில் நுளைப்பாடியில் வாழ்ந்த பரதவர் தலைவர் அவர். நாள்தோறும் வலையில் அகப்படும் மீன்களில் ஒன்றைச் 'சிவனுக்கு' என்று சொல்லிக் கடலிலேயே விட்டுவிடுவது அவருடைய நோன்பு. ஒரு காலத்தில் மீன்பாடு குறைந்தது. நாளொன்றுக்கு ஒரே மீன் மட்டுமே கிடைத்தது. அந்த ஒன்றையும் அவர் இறைவனுக்கே விட்டார். சுற்றம் பசியால் வாடியது; அவருடைய உடலும் தளர்ந்தது; நோன்பு மட்டும் தளரவில்லை. ஒருநாள் பொன்னும் மணியும் இழைத்த மீன் ஒன்று வலையில் வந்தது. வறுமையில் வாடிய கண்களுக்கு அது எத்தகைய சோதனை! அதையும் தயங்காமல் கடலில் விட்டார். இறைவன் விடைமேல் காட்சி தந்து ஆட்கொண்டார். ஆவணி ஆயில்யம் அவருடைய குருபூசை நாள்.

தாம் பட்டினி கிடந்தும் கொடுத்தது அவருடைய பெருமை. அத்தகைய உறுதி எல்லோருக்கும் வாய்ப்பதன்று. ஆனால், எடுத்துக்கொள்ளுமுன் கொடுத்துவிடும் அவருடைய வழக்கம் எளிய இல்லறத்தாரும் கைக்கொள்ளக் கூடியது. முதற்பங்கு இறைவனுக்கு என்று ஒதுக்கும் கை, அடுத்த கவளத்தை அவசரமாக அள்ளுவதில்லை. நிவேதனம் செய்து, காக்கைக்கு ஒரு பிடி வைத்து, பிறகு இலையில் அமரும் பழக்கம், பசிக்கும் உணவுக்கும் இடையே ஒரு கணத்தை உண்டாக்குகிறது. அந்த ஒரு கணத்தில்தான் மனிதன் தன் அளவை எண்ணிப் பார்க்கிறான்.

அளவோடு நிலைக்கும் இன்பம்

மயிலை வள்ளுவர் பிறந்த ஊர் என்பது வழிவழி வந்த நம்பிக்கை. அவருக்கு அங்கே ஒரு கோயிலும் உண்டு. திருக்குறளின் 95-ஆம் அதிகாரமான 'மருந்து', மருந்தைப் பற்றிச் சொல்வதைக் காட்டிலும் உணவைப் பற்றியே மிகுதியாகச் சொல்கிறது. முன் உண்டது செரித்ததை அறிந்து உண்பது, நன்கு பசித்தபின் உண்பது, உடலுக்கு மாறுபடாததை உண்பது என்று படிப்படியாக எடுத்துரைக்கிறார் வள்ளுவர். அவற்றுள் 946-ஆம் குறள் தனித்து எண்ணத் தக்கது. குறைந்த அளவின் நன்மையை அறிந்து உண்பவனிடத்தில் இன்பம் நிலைத்து நிற்பதுபோல, மிகுதியாக உண்பவனிடத்தில் நோய் நிலைத்து நிற்கும் என்பது அதன் கருத்து. அளவாக உண்பவனுக்குக் கிடைப்பது உடல்நலம் மட்டும் என்று அவர் கூறவில்லை. இன்பம் என்றே கூறுகிறார்.

பகவத் கீதையும் இதற்கு இசைவாகவே பேசுகிறது. பதினேழாம் அத்தியாயத்தில் சாத்துவிக உணவை விளக்குமிடத்தில், ஆயுளையும் வலிமையையும் நலத்தையும் வளர்ப்பது என்பதோடு, மகிழ்ச்சி தருவது, சுவையுடையது என்றும் கூறப்படுகிறது. ஆறாம் அத்தியாயத்திலோ, மிகுதியாக உண்பவனுக்கும் அறவே உண்ணாதவனுக்கும் யோகம் கைகூடாது என்று கண்ணன் அறிவுறுத்துகிறான். சப்பென்ற உணவே புண்ணியம் என்ற எண்ணத்திற்கு இவ்விரண்டிலும் இடமில்லை.

விழா நாள் அன்றாடமான போது

அப்படியானால் பிழை எங்கே நேர்ந்தது? விழா நாளுக்குரிய உணவு அன்றாட உணவாக மாறியதே பிழை. ஆலயத்தில் சர்க்கரைப் பொங்கல் ஒரு சிறு தொன்னையில் கிடைக்கிறது. இரு கைகளாலும் பெற்று, கண்ணில் ஒற்றி, நெய்யும் ஏலமும் பச்சைக் கற்பூரமும் மணக்க, ஒவ்வொரு வாயாகச் சுவைத்து உண்கிறோம். அந்தச் சுவை மாலை வரை நாவில் நிற்கிறது. அதே பொங்கலை வீட்டில் பெருந்தட்டு நிறைய இட்டு, தொலைக்காட்சியைப் பார்த்தபடி உண்டால், எத்தனை கரண்டி உண்டோம் என்பதும் நினைவில் நிற்பதில்லை.

முன்பு தீபாவளிக்கும் திருமணத்திற்கும் மட்டுமே வந்த இனிப்பு, இப்போது அலைபேசியில் விரல் வைத்தால் அரை மணியில் வாசலுக்கு வருகிறது. உடல் உழைப்போ குறைந்துவிட்டது. விளைவு கண்கூடு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து, 2023-இல் வெளியான ஆய்வின்படி, நாட்டில் நீரிழிவு உள்ளோர் சுமார் 10.1 கோடிப் பேர். தமிழ்நாட்டில் 20 வயதைக் கடந்தோரில் 14.4 சதவீதத்தினருக்கு அந்நோய் உண்டு.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நாளொன்றுக்குச் சர்க்கரை 20 முதல் 25 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அறிவுரை. மூன்று வேளை காபிக்கு இரண்டு தேக்கரண்டி வீதம் சர்க்கரை சேர்த்தால் 6 தேக்கரண்டியாகிறது. அந்த வரம்பு அதிலேயே தீர்ந்துவிடுகிறது. பிரசாதப் பொங்கலுக்கு ஒதுக்க மிச்சம் எதுவும் இல்லை. காபியில் பாதியைக் குறைத்தவர், வெள்ளிக்கிழமைத் தொன்னையை ஓரளவு நிம்மதியோடு கையேந்திப் பெறலாம். எதை விட வேண்டும் என்பதைக் காட்டிலும், எந்த இன்பத்தைக் காப்பதற்காக எதை விடுகிறோம் என்பதே முக்கியம்.

குப்பத்தின் கூழும் குழம்பும்

சென்னையின் கடலோரக் குப்பங்களில் ஆடி மாதம் அம்மனுக்கு உரியது. பெரிய அண்டாக்களில் கேழ்வரகு மாவையும் அரிசி நொய்யையும் சேர்த்துக் காய்ச்சிய கூழ், அம்மனுக்குப் படைக்கப்பட்டபின் வருவோர் அனைவருக்கும் வார்க்கப்படுகிறது. மாவை முன்னாளே கரைத்துப் புளிக்க வைப்பது வழக்கம். மோர், சிறிய வெங்காயம், பச்சை மிளகாய், துணைக்கு முருங்கைக் கீரைப் பொரியல். அசைவம் உண்போருக்குக் கருவாட்டுக் குழம்பு. புளிப்பும் காரமும் கசப்பும் குளிர்ச்சியும் ஒரே குவளையில் கூடும் இந்த விருந்துக்கு ஈடாக எதைச் சொல்வது? 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருப்பதையும், நார்ச்சத்து மிகுந்திருப்பதையும் ஊட்டச்சத்து அறிஞர்கள் பின்னாளில் அளந்து கூறினர். அதற்கு முன்பே அம்மன் சந்நிதியில் அது விருந்தாகிவிட்டது.

மீன் உண்ணும் இல்லங்களுக்கும் இதே நெறி பொருந்தும். வாரத்திற்கு இருமுறை மீன் உண்பது இதயத்திற்கு நன்று என்று அமெரிக்க இதயச் சங்கம் பரிந்துரைக்கிறது. பொரித்த மீனை அது குறிப்பிடவில்லை. மண்சட்டியில் புளியும் மாங்காயும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் கொதிக்கவைக்கும் குழம்பு, சுவையில் பொரியலுக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. விலை உயர்ந்த வஞ்சிரத்தைத் தேடுவோர் பலர். ஆனால் இதயத்திற்கு நலம் தரும் நல்ல கொழுப்பு, விலை மலிந்த மத்தியிலும் கானாங்கெளுத்தியிலும்தான் மிகுதி. கருவாட்டின் சுவைக்கு மயங்காதார் அரியர். அதில் உப்பு மிகுதி என்பதால், இரத்தக் கொதிப்பு உள்ளோர் அதை அரிதான விருந்தாகவே கொள்ள வேண்டும். உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு அனுமதிக்கும் உப்பு 5 கிராமுக்கும் குறைவு. அது ஒரு தேக்கரண்டி அளவே. அப்பளமும் ஊறுகாயும் அந்தக் கணக்கில் சேரும்.

கடலுக்கும் ஒரு விரதம்

சித்திரை முதல் நாளில் மாங்காயும் வெல்லமும் வேப்பம்பூவும் சேர்ந்த பச்சடியோடு ஆண்டு பிறக்கிறது. வாழ்வில் எல்லாச் சுவையும் ஏற்கத் தக்கவை என்பது அதன் குறிப்பு. அதை ஒட்டி, ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை, 61 நாட்கள், தமிழகத்தின் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை. மீன்கள் இனம் பெருக்கும் காலத்தில் கடலை ஓயவிடுவதற்காக அரசு வகுத்த விதி இது. சில வாரங்கள் கை ஓய்ந்தால்தான் பின்னர் வலை நிறையும் என்பதை இவ்விதி உணர்த்துகிறது. ஒரு வகையில் இது கடலுக்கான விரதம்.

வயிற்றுக்கும் அத்தகைய ஓய்வையே நம் விரதங்கள் தருகின்றன. ஏகாதசியில் உபவாசம் இருப்போர் துவாதசியில் அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் ஆகியவற்றோடு பாரணை செய்கின்றனர். ஒருநாள் பசித்திருந்த நாவுக்கு நெல்லியின் துவர்ப்புகூட இனிக்கிறது. மீன் உண்ணும் குடும்பங்களில் பல, செவ்வாயும் வெள்ளியும், புரட்டாசி மாதம் முழுவதும் அதைத் தவிர்க்கின்றன. சுவையை மறுப்பதற்காக ஏற்பட்டவை என்று இவ்விரதங்களைக் கருத வேண்டியதில்லை. மழுங்கிய நாவைத் தீட்டித் தருவதும் அவற்றின் பயனே. விரதத்தின் மறுநாள் உண்ணும் எளிய இரசம் சோறு எத்தனை சுவையாயிருக்கிறது என்பதை விரதம் இருந்தோரே அறிவர்.

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்வோர் மட்டும், மருத்துவரைக் கலந்த பின்பே உபவாசம் மேற்கொள்ள வேண்டும். சர்க்கரையின் அளவு திடீரெனத் தாழ்வதும் ஆபத்தே. அத்தகையோர் அன்று ஒரு பொழுதேனும் பேச்சைக் குறைத்து மௌனம் காக்கலாம். நாவுக்கு அதுவும் விரதமே.

புலன்களின் பூசை

ஆலயத்திற்குச் செல்பவர் ஐம்புலன்களையும் மூடிக்கொண்டு செல்வதில்லை. கண்ணுக்குத் தீபாராதனை, செவிக்கு நாகசுரமும் தேவாரமும், மூக்குக்குச் சாம்பிராணியும் மல்லிகையும், மெய்க்குச் சந்தனமும் திருநீறும், நாவுக்குத் தீர்த்தமும் பிரசாதமும் அங்கே கிடைக்கின்றன. ஐந்தும் நிறையும்போது, நாவின் பங்கு ஒரு தொன்னையோடு நிறைவடைந்துவிடுகிறது. வீட்டில் நாம் மிகுதியாக உண்பதற்கு ஒரு காரணம், மற்ற நான்கு புலன்களையும் பட்டினி போட்டுவிட்டு, முழு மகிழ்ச்சியையும் நாவிடமே எதிர்பார்ப்பது. மாலையில் கடற்கரைக் காற்றில் அரை மணி நடப்பவருக்கும், நல்லிசை கேட்பவருக்கும், பேரக் குழந்தையோடு கோலமிடுபவருக்கும் நொறுக்குத் தீனியின் நினைவு அவ்வளவாக எழுவதில்லை.

மயிலையிலேயே பிறந்த வாயிலார் நாயனார், இறைவனுக்கு மனத்திலேயே கோயில் அமைத்தவர். அறிவையே விளக்காக்கி, ஆனந்தத்தையே திருமஞ்சனமாக்கி, அன்பையே அமுதாகப் படைத்தார் என்பர். வெளி உணவு எவ்வளவு சிறியதாயினும், அதனோடு சேரும் அன்பு பெரியதாயின் விருந்து நிறையும் என்பதற்கு அவரே சான்று.

இல்லத்தில் தொடங்க

பெரிய சபதங்கள் நெடுநாள் நிற்பதில்லை. சிறியவை நிற்கும்.

முதலாவது, உண்ணுமுன் ஒரு கணம் இறைவனை நினைத்து, ஒரு பங்கைப் பிறருக்கோ பறவைக்கோ ஒதுக்குக.

இரண்டாவது, தொலைக்காட்சியையும் அலைபேசியையும் அணைத்துவிட்டு, மென்று மெதுவாக உண்க. வயிறு நிறைந்ததென்ற செய்தி மூளையை எட்டச் சுமார் 20 நிமிடங்கள் ஆகும் என்பர் மருத்துவர்.

மூன்றாவது, இனிப்புக்கும் பொரித்த பண்டத்திற்கும் ஒரு நாளைக் குறித்துக்கொள்க. அன்று குற்ற உணர்வின்றி, குடும்பத்தோடு, தொன்னை அளவில் உண்க. நீரிழிவு உள்ளோர் அந்த அளவையும் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்க.

நான்காவது, நோயுற்ற பெரியவருக்குத் தனிச் சமையல் செய்து அவரைத் தனிமைப்படுத்தாமல், குடும்பம் முழுவதும் கீரையும் சிறுதானியமும் குழம்பும் கொண்ட அதே உணவை உண்க. பத்தியம் அனைவருக்கும் பொதுவாகிவிட்டால் அது தண்டனையாகத் தோன்றாது.

இனி, அறுபத்துமூவர் உலாவின்போது அதிபத்தர் திருவுருவம் வீதியில் வரக் காண்போர், அவர் கடலில் விட்ட மீனை ஒருகணம் எண்ணிப் பார்க்கலாம். கையில் வந்ததையெல்லாம் கொள்ளாமல் விட்டவரைத் தேடி இறைவனே வந்தான். அன்று மாட வீதியில் எவரேனும் நீட்டும் ஒரு தொன்னைப் பிரசாதத்தைப் பெற்று, பாதியைப் பக்கத்தில் நிற்கும் குழந்தைக்குக் கொடுத்து, மீதியை மெல்லச் சுவைத்தால் போதும். அந்த இனிப்பு உடலுக்கும் பகையாகாது. உள்ளத்திலும் நெடுநேரம் நிற்கும். கற்பகாம்பாள் உடனுறை கபாலீஸ்வரர் திருவருளால், எல்லா இல்லங்களிலும் சுவையும் நலமும் ஒருசேரப் பெருகுவதாக!